9 வாரத்துல ஜப்பானியம் வருமா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஜப்பான் வேலை வாய்ப்பு பத்தி ஒரு கேள்விக்கு பதில் எழுதும்போது, நகோயா ஸ்டேஷன் வாசல்ல வெள்ளை சட்டை, டை, சட்டைப் பையில கருப்பு நேம் டேக்கோட நின்னு ஜப்பான்காரங்ககிட்ட ஜப்பானியத்துலயே பேசிட்டிருந்த ரெண்டு அமெரிக்கப் பசங்களை பத்தி போற போக்குல ஒரு வரி எழுதினேன். வேலை வாய்ப்பை விட்டுட்டு எல்லாரும் அந்த ஒரு வரியையே பிடிச்சுக்கிட்டீங்க. சரி, இந்த தடவை முழுக்க அதுதான்.

கே: யாரு சார் அந்தப் பசங்க? 20 வயசு கூட இருக்காதுன்னு எழுதியிருந்தீங்க. அந்த வயசுல ஜப்பானியம் எங்க படிச்சாங்க, ஸ்கூல்லயேவா?
- ஒரு வாசகர், திருப்பூர்

ப: ஸ்கூல்ல படிச்சவங்க ரொம்பக் கம்மிங்க. இவங்க மார்மன்னு ஊர்ல சொல்ற, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையோட மிஷனரிங்க. பசங்க 18 வயசுலயே போகலாம், பொண்ணுங்களும் இப்ப 18ல போகலாம் (2012 வரைக்கும் பசங்களுக்கு 19, பொண்ணுங்களுக்கு 21னு இருந்துச்சு, அப்புறம் 18, 19னு குறைச்சாங்க, 2025 கடைசியிலதான் பொண்ணுங்களுக்கும் 18 ஆச்சு). பசங்களுக்கு 2 வருஷம், பொண்ணுங்களுக்கு ஒன்றரை வருஷம். சம்பளம் கிடையாது, செலவுக்கு மாசாமாசம் அவங்களோ குடும்பமோதான் பணம் கட்டணும். எந்த நாடுன்னு இவங்க கேட்டு வாங்கவும் முடியாது. சபையில இருந்து கடிதம் வரும், இப்பல்லாம் ஆன்லைன்ல வருது, சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டி வச்சுட்டு அதை சத்தமா படிப்பாங்க, பெரு, கானா, ஃபுகுவோகான்னு எதுவும் வரலாம். ஃபுகுவோகா எங்க இருக்குன்னு மேப்ல தேடுறதுல இருந்துதான் பல பேருக்கு ஜப்பான் பாடமே ஆரம்பிக்குது.

அப்புறம் ட்ரெயினிங். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ப்ரோவோன்னு ஒரு ஊர், அங்க சபையோட யுனிவர்சிட்டி பக்கத்துலயே மிஷனரி பயிற்சி மையம் இருக்கு. ஸ்பானிஷ் மாதிரி மொழின்னா சுமார் 6 வாரம், ஜப்பானியம் மாதிரி மொழின்னா சுமார் 9 வாரம், முன்னாடியெல்லாம் 12 வாரம் வரை போச்சு. 2020ல கொரோனா வந்ததுக்கு அப்புறம் முதல் கொஞ்ச நாளை வீட்ல இருந்தே வீடியோ கால்ல படிக்க வைக்கிறாங்க. காலைல ஆறரைக்கு எழுந்திருக்கணும், ராத்திரி பத்தரைக்கு லைட் ஆஃப், ஒவ்வொருத்தருக்கும் ஜோடியா இன்னொரு மிஷனரி, பாத்ரூம் தவிர எங்க போனாலும் அந்த ஜோடி கூடவே வரும். புதுசா வந்தவங்க நேம் டேக்ல ஒரு காலத்துல ஆரஞ்சு கலர்ல ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டி விடுவாங்களாம், பழைய ஆளுங்க பார்த்து வழிகாட்டணும்ங்கறதுக்காக. பசங்க அதை எப்படா பிய்க்கலாம்னு இருப்பாங்களாம், நானா இருந்தாலும் பிய்ச்சிருப்பேன்.

கே: நான் ஒரு வருஷமா கோச்சிங் போயி என்4ங்கற ஜப்பானிய மொழித் தேர்வுக்கு படிக்கிறேன் அண்ணா. 300 கான்ஜி (ஜப்பானியத்துல எழுதற சீன எழுத்து) தெரியும். ஆனா ஒரு ஜப்பான்காரர் எதிர்ல நின்னா ‘ஆனோ... ஆனோ...’ன்னு இழுக்கத்தான் வருது. இவங்க 9 வாரத்துல பேசுறாங்கன்னா அப்படி என்ன ரகசியம்? சும்மா பில்டப்பா?
- ஒரு கல்லூரி மாணவர், சென்னை

ப: தம்பி, பாதி பில்டப்தான், மீதி பாதி உனக்கு உதவும், ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன்னோட தூதரக ஆளுங்களுக்கு மொழி சொல்லிக் குடுக்குற இன்ஸ்டிட்யூட்ல, இங்கிலீஷ்காரங்களுக்கு ரொம்ப கஷ்டமான மொழிங்கற பிரிவுல ஜப்பானியத்தை வச்சு, வேலைக்கு ஆகுற அளவுக்கு வர 88 வாரம், 2,200 மணி நேரம் க்ளாஸ்னு போட்டிருக்காங்க. அதனால 9 வாரத்துல யாருக்கும் ஜப்பானியம் வராது, யூட்டா பையனுக்கும் வராது. அந்த 9 வாரத்துல வர்றது ஜப்பானியத்துல ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டு நல்லா வருது, அதுதான் விஷயம்.

எப்படின்னா, க்ளாஸ் எடுக்குறவங்க பேராசிரியர் எல்லாம் இல்ல, ஏற்கனவே ஜப்பான்ல மிஷன் முடிச்சுட்டு வந்து பக்கத்து யுனிவர்சிட்டியில படிச்சிட்டிருக்கற இருபத்து சொச்சம் வயசுப் பசங்க, பொண்ணுங்க. முதல் நாளே உள்ள வந்து ஜப்பானியத்துலயே ஆரம்பிச்சிடுவாங்க, உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. முதல்ல சொல்லிக் குடுக்கறது நமக்கு வர்ற ‘இது பேனா, அது புத்தகம்’ இல்ல, ஜெபம் பண்றது. ‘தென் நோ ஒதோஸமா’ன்னு பரலோகப் பிதாவைக் கூப்பிட்டு, நன்றி சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்டு, ஆமென் சொல்லி முடிக்கற வரைக்கும் ஒரு அச்சு. அந்த அச்சுல வார்த்தையை மட்டும் மாத்தி மாத்திப் போடலாம். சாப்பாட்டுக்கு முன்னாடி, க்ளாஸ் ஆரம்பிக்க, முடிக்க, தூங்கப் போக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஜெபம் பண்ணுவாங்கன்னு யோசிச்சுப் பாரு, அத்தனை தடவையும் அதே இலக்கணம் வாயில ஓடுது. நீ ‘நன்றி’ன்னு நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ற நேரத்துல அவன் அதை முப்பது தடவை சொல்லிட்டான்.

அடுத்தது இதைவிடக் கொடுமை. வந்த முதல் வாரத்துலயே பாடம் நடத்த விட்ருவாங்க. ஆசிரியரே வெளில போயி வேற ஆளா, கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு ஜப்பான்காரரா திரும்பி வருவாரு, இந்த ரெண்டு பசங்களும் அவருகிட்ட அரை மணி நேரம் ஜப்பானியத்துலயே பேசணும். கைல இருக்கறது ஒரு துண்டுச் சீட்டு, தலைல இருக்கறது நாலு நாள் ஜப்பானியம். அவரு எதிர்க்கேள்வி கேட்டா அவ்ளோதான், ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு ‘ஹாய்... ஹாய்...’னு, ஆமா ஆமான்னு, தலையாட்டுவாங்க. மறுநாள் திரும்ப. அதுக்கு மறுநாளும் திரும்ப. இதுல வெக்கம்னு ஒண்ணு ரெண்டே வாரத்துல காணாமப் போயிடும் தம்பி, உனக்கும் எனக்கும் ஒரு வருஷம் ஆனாலும் போகாதது அதுதான். சாப்பிடற இடத்துல, படிக்கட்டுல, துணி துவைக்கற இடத்துல எல்லாம் தெரிஞ்ச வரைக்கும் ஜப்பானியத்துலயே பேசணும்னு அவங்களுக்குள்ள ஒரு வழக்கம் வேற, தெரியாத வார்த்தைக்கு கையால அபிநயம் பிடிச்சுட்டுத் திரியும் ஒரு கூட்டம்.

கான்ஜி பக்கம் ஆரம்பத்துல பெருசா போறதில்ல. ஒலியை அப்படியே எழுதற ஹிராகானா, கதகானா ரெண்டு எழுத்து வரிசையும் தெரிஞ்சா போதும், 46, 46 எழுத்து. கான்ஜி மேல சின்ன எழுத்துல உச்சரிப்பைக் காட்டற ஃபுரிகானா போட்ட புத்தகத்தை சத்தமா வாசிப்பாங்க, அர்த்தம் பாதி புரியாது, ஆனா வாய் பழகிடும். தினசரி உபயோகத்துக்குன்னு ஜப்பான் அரசு வச்சிருக்கற பட்டியல்ல 2,136 கான்ஜி இருக்கு, அதுல 300 தெரிஞ்ச உன்னை எழுத்துப் பரீட்சையில எந்த மிஷனரி பையனும் முதல் மூணு மாசத்துல ஜெயிக்க முடியாது. பேச்சுல நீ அவன்கிட்ட தோத்துப்போவ. ரெண்டு பேரும் வேற வேற பொருளைக் காசு குடுத்து வாங்கியிருக்கீங்க, அவ்ளோதான்.

உனக்கு வேணும்னா ஒண்ணு பண்ணு, ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கோ, உன் ஊரு, உன் ப்ராஜெக்ட், கிரிக்கெட், எதுவா இருந்தாலும் சரி, அதைப் பத்தி அஞ்சு நிமிஷம் நிறுத்தாம தினமும் ஒருத்தர்கிட்ட சத்தமாப் பேசு. கேக்கறவருக்கு ஜப்பானியம் தெரியணும்னு கூட அவசியமில்ல.

கே: அப்ப ஜப்பான்ல போய் இறங்கின உடனே சமாளிச்சிடுவாங்களா?
- அதே மாணவர் மறுபடியும் வாட்ஸ்ஆப்ல

ப: எங்க சமாளிக்கறது. ட்ரெயினிங் வாயைத்தான் திறந்து விடுது, காதுக்கு ஒண்ணும் பண்ணல. ஞானஸ்நானம், மனந்திரும்புதல், தீர்க்கதரிசின்னு எல்லாத்துக்கும் ஜப்பானியத்துல வார்த்தை தெரிஞ்ச பையனுக்கு ரூம்ல இருக்கற வாஷிங் மெஷின்ல எந்த பட்டனை அமுக்கணும்னு தெரியாது, எல்லாம் கான்ஜி. குப்பையை என்னிக்கு எரியற குப்பை, என்னிக்கு பிளாஸ்டிக், என்னிக்கு பாட்டில்னு வார்டுக்கு வார்டு ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும், அதைப் படிக்கத் தெரியாம தப்பான நாள்ல வச்சா பை அப்படியே எச்சரிக்கை ஸ்டிக்கரோட அங்கயே கிடக்கும், பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து சிரிச்ச முகமா ரெண்டு நிமிஷம் விளக்கம் சொல்லுவாங்க, இவனுக்கு அதுல வாக்கியக் கடைசில வர்ற ‘தெஸ் நே’ மட்டும் புரியும்.

தேதி சொல்றது இன்னொரு பொறி. 1ந்தேதி ‘ட்சுய்தாச்சி’, 2ந்தேதி ‘ஃபுட்சுகா’, 20ந்தேதி ‘ஹட்சுகா’ன்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கும், 4ந்தேதி ‘யொக்கா’, 8ந்தேதி ‘யோகா’, போன்ல கேட்டா ரெண்டும் ஒண்ணுதான். ஒருத்தர் வீட்டுக்கு வரச் சொன்ன நாளுக்கு நாலு நாள் முன்னாடியே போய் நிக்கறதெல்லாம் இப்படித்தான்.

இன்னொண்ணு, க்ளாஸ்ல படிச்சது வாக்கியம் ‘தெஸ், மஸ்’னு முடியற மரியாதையான ஜப்பானியம். தெருவுல யாரும் அப்படி முழுசாப் பேசறதில்ல. ஒசாகா பக்கம் போட்டா கன்சாய் பேச்சு, க்யூஷூன்னா வேற, வடக்க அவோமோரி பக்கம் போட்டா தோக்கியோக்காரங்களுக்கே புரியாத பேச்சு. செந்தமிழ் இலக்கணம் படிச்சுட்டு வந்த வெள்ளைக்காரரை நாகர்கோவில் மீன் சந்தையில கொண்டு போய் விட்டா எப்படி முழிப்பாரோ அந்த முழிதான். அதனாலதான் போன உடனே சீனியர் ஒருத்தரை ட்ரெயினரா கூட போடறாங்க, முதல் 12 வாரத்துக்கு தனியா ஒரு பாடத்திட்டமும் இருக்கு. கதவைத் தட்டினா பெரும்பாலும் கதவு திறக்காது, இன்டர்காம்ல இருந்து ‘கெக்கோ தெஸ்’னு, வேணாங்கன்னு, ஒரு குரல் மட்டும் வரும். புதுசா வந்தவனுக்கு முதல்ல நல்லா புரியற ஜப்பானிய வாக்கியமே அதுதான்னு ஒரு பையன் என்கிட்ட சொன்னான். சிரிச்சுட்டே சொன்னாலும் கொஞ்சம் பாவமாத்தான் இருந்துச்சு.

கே: எங்க அண்ணன் பொண்ணு கன்னியாஸ்திரி. அவங்க சபையில ஜப்பானுக்கு அனுப்பப் போறாங்க. 26 வயசு, தமிழும் இங்கிலீஷும்தான் தெரியும். அங்க போயி எப்படிப் பேசுவா, அவளுக்கும் 9 வாரம்தானா? தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம்னு யூட்யூப்ல சொல்றாங்களே, அப்படின்னா ஈஸியா?
- ஒரு அத்தை, தூத்துக்குடி

ப: பயப்படாதீங்கம்மா. கத்தோலிக்க சபைகள், பழைய புராட்டஸ்டன்ட் மிஷன்கள் எல்லாம் 2 வருஷத்துல திரும்பி வர்ற கணக்குல அனுப்பறதில்ல, பல வருஷத்துக்கு, சில பேரை ஆயுசுக்கும் அனுப்பறாங்க. அதனால அவசரமும் இல்ல, பொதுவா முதல் ஒன்றரை ரெண்டு வருஷம் வேற வேலையே குடுக்காம மொழிப் பள்ளிக்கூடத்துலதான் உக்கார வைப்பாங்க. 1948ல தோக்கியோவுல ஆரம்பிச்ச நகனுமா ஸ்கூல்ல படிச்ச மிஷனரிங்க ஏராளம். உங்க அண்ணன் பொண்ணு கான்ஜியும் எழுதணும், பரீட்சையும் எழுதணும், நம்ம யூட்டா பையன் மாதிரி தப்பிக்க முடியாது.

ஒரே குடும்பம்ங்கறது பத்தி. சுசுமு ஓனோன்னு பெரிய மொழி அறிஞர், கக்குஷுயின் யுனிவர்சிட்டி பேராசிரியர், அவருதான் தமிழையும் ஜப்பானியத்தையும் இணைச்சு வருஷக்கணக்கா எழுதினாரு, 2008ல காலமாயிட்டாரு. பெரும்பாலான மொழியியல்காரங்க அதை ஏத்துக்கல. நானும் ஏத்துக்கற கட்சி இல்ல. ஆனா சொந்தமோ இல்லையோ, வாக்கியம் கட்டற விதம் ஒத்துப்போகுதுங்கறது கண்ணுக்குத் தெரியற விஷயம், அதுக்கு ஆராய்ச்சி தேவையில்ல. ‘வதாஷி வா கினோ இச்சிபா தே சகானா ஓ கத்தா’, இதை அப்படியே வரிசை மாறாம வைங்க: நான், நேத்து, சந்தையில, மீனை, வாங்கினேன். அமெரிக்கப் பையன் தலைகீழா நின்னு பழகணும், வினைச்சொல்லு கடைசில வர்றதே அவனுக்கு மாசக்கணக்குல உறுத்தும், உங்க பொண்ணுக்கு அது தானா வரும். ‘மழை வரும்னு சொன்னான்’ல நம்ம ‘ன்னு’ இருக்கு பாருங்க, அந்த இடத்துல அவங்க ‘தோ’ போடுவாங்க. ‘தபேத்தே மிரு’ன்னா சாப்ட்டுப் பாக்கறேன், அதே ‘பாக்கறது’தான், கண்ணால பாக்கறது இல்லாத நம்ம ‘பாக்கறது’. வீட்டை விட்டு கிளம்பறப்ப அவங்க சொல்றது ‘இத்தே கிமாஸ்’, போயிட்டு வரேன். அமெரிக்காக்காரனுக்கு இதை விளக்கிச் சொல்லணும், நம்ம வீட்ல போறேன்னு மொட்டையா சொன்னா பாட்டி அடிக்க வருவாங்க.

குறில் நெடிலும் நமக்குப் பிறந்ததுல இருந்தே இருக்கு. ‘ஒபசான்’னா அத்தை, ‘ஒபாசான்’னா பாட்டி, இதைக் குழப்பி நடுத்தர வயசு அம்மாவை பாட்டின்னு கூப்பிட்டு மாட்டறது வெள்ளைக்காரப் பசங்களுக்குத் தினப்படி ஆபத்து. நமக்கு வர்ற சிக்கல் வேற, கவுக்கும் காவுக்கும் வித்தியாசம் தெரியும், ஆனா வார்த்தை ஆரம்பத்துல வர்ற வல்லோசை, மெல்லோசை, ‘க’வை எப்ப அழுத்தணும் எப்ப இளக்கணும்ங்கறதுல நாக்கு ஏமாத்தும், தமிழ்ல எழுதறப்ப ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானே. கேட்டுக் கேட்டுத்தான் சரியாகும்.

எழுத்து வரிசையைப் பார்த்ததும் உங்க பொண்ணு சிரிச்சிடுவா. அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ‘ஹ’ இருக்கற இடத்துல ரொம்பப் பழைய காலத்துல ‘ப’ இருந்துச்சு, அதையும் போட்டுப் பாருங்க, நம்ம அரிச்சுவடி மாதிரியே வரும். காரணம் சொந்தம் இல்ல, இந்தியாவுல இருந்து சீனா வழியா பௌத்தத்தோட போன சித்தம் எழுத்து, அதைப் படிச்ச ஜப்பானிய துறவிங்க அந்த வரிசையிலயே தங்க எழுத்தையும் அடுக்கினாங்க. மிஷனரின்னா கிறிஸ்தவங்க மட்டும்தானா என்ன, போதிசேனர்னு இந்தியாவுல இருந்து 736ல ஜப்பான் போன பௌத்தத் துறவி, 752ல நாராவுல இருக்கற பெரிய புத்தர் சிலைக்கு கண் திறக்கற சடங்கை நடத்தினவரே அவருதான். உங்க பொண்ணுக்கு முன்னாடி இந்தப் பாதையில ஆளு போயிருக்காங்கம்மா.

கே: பயிற்சி மையம், வீடியோ கால் எல்லாம் இல்லாத காலத்துல மிஷனரிங்க எப்படிக் கத்துக்கிட்டாங்க? டிக்‌ஷனரியாவது இருந்துச்சா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ப: ஐயா, டிக்‌ஷனரி எல்லாம் அவங்களே போட்டதுதான். இந்தக் கதை நம்ம தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில இருந்தே வருது. பிரான்சிஸ் சேவியர், சவேரியார், 1542 கடைசியில நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்தவரு, பரதவர் ஊர்கள்ல தமிழ் ஜெபங்களை எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணி, மணியடிச்சு பிள்ளைங்களைக் கூட்டி சொல்லிக் குடுத்தாரு. அதே ஆளு 1549 ஆகஸ்ட் 15ந்தேதி ககோஷிமாவுல போய் இறங்கினாரு, அஞ்சிரோன்னு ஒரு ஜப்பான்காரரைத் துணைக்கு வச்சுக்கிட்டு. இங்க பண்ணின அதே முறைதான் அங்கயும், யாரையாவது வச்சு மொழிபெயர்த்து ரோமன் எழுத்துல எழுதிக்கிட்டு தெருவுல நின்னு வாசிக்கறது. ஆனா அங்க அது போதல. நம்மைப் பத்தி அவங்க என்னென்னமோ பேசறாங்க, நாம ஒண்ணும் புரியாம சிலை மாதிரி நிக்கறோம்ங்கற அர்த்தத்துல அந்த வருஷமே கடிதம் எழுதியிருக்காரு.

சேவியர் கூட யுவான் ஃபெர்னாந்தெஸ்னு ஒரு இளைஞர் போனாரு, இருபத்து சொச்சம் வயசு, குரு பட்டம் கூட இல்லாத பிரதர். அந்தக் கூட்டத்துல ஜப்பானியம் உருப்படியா பிடிச்சது அவருதான். யமகுச்சி தெருவுல அவரு பேசிட்டிருக்கறப்ப ஒருத்தன் வந்து மூஞ்சியில துப்பினான், தொடச்சுட்டு விட்ட இடத்துல இருந்து பேச்சைத் தொடர்ந்தாருன்னு அந்தக் காலத்து சேசு சபைக்காரங்க, சேவியரோட துறவற சபை அது, சொல்லி வச்சிருக்காங்க. எனக்கு அதுல ஆச்சரியம், தொடர்ந்தது ஜப்பானியத்துல அப்படிங்கறதுதான்.

அப்புறம் ஜொவாவ் ரோட்ரிகஸ். போர்ச்சுகல்ல இருந்து 1577ல வந்து சேர்ந்தப்ப 15, 16 வயசுதான். ஜப்பானியத்துலயே வளர்ந்துட்டாரு, அப்ப ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷிக்கு முன்னாடி உக்காந்து மொழிபெயர்த்தாரு, 1604ல இருந்து 1608க்குள்ள நாகசாகியில ஜப்பானிய இலக்கணமே அச்சடிச்சாரு. விளைவு என்னன்னா அவரோட போர்ச்சுகீசு கரடுமுரடா போச்சு. 1603ல சேசு சபைக்காரங்க போட்ட ஜப்பானிய - போர்ச்சுகீசு அகராதியில சுமார் 32,000 சொல்லு இருக்கு, அந்தக் காலத்து ஜப்பானியர் எப்படி உச்சரிச்சாங்கன்னு தெரிஞ்சுக்க இன்னிக்கும் ஜப்பான் பேராசிரியர்களே அதைத்தான் புரட்டறாங்க. அச்சு மெஷின் 1590லதான் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அதுக்கு 12 வருஷம் முன்னாடி, 1578லயே, அதே சபை கொல்லத்துல தமிழ்ல தம்பிரான் வணக்கம்ங்கற மறைக்கல்விப் புத்தகத்தை அச்சுல போட்டாச்சுங்கறது நீங்க வகுப்புல சொல்லிக் குடுத்திருப்பீங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச ஆளு ரஷ்யாக்காரர் நிக்கொலாய். 1860ல பீட்டர்ஸ்பர்க்ல இருந்து சைபீரியா முழுக்க தரை வழியா கிளம்பி, குளிர்காலத்துக்கு வழியிலயே மாட்டிக்கிட்டு, 1861ல வட ஜப்பான் துறைமுகம் ஹக்கோடாதே போய்ச் சேர்ந்தப்ப வயசு 24. பிரசங்கம் பண்ண முடியாது, ஜப்பான்ல கிறிஸ்தவ மதத்துக்குத் தடை இருந்த காலம். ரஷ்யத் தூதரகத்துல பூசை பண்ணிட்டு மீதி நேரம் ஐரோப்பியப் புத்தகம் படிச்சிட்டிருந்தவரை, இன்னொசென்ட்ங்கற பெரிய பிஷப் பார்த்துட்டு, அதையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு ஜப்பானியத்தைப் படின்னு திட்டினாருன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் ஏழெட்டு வருஷம் படிப்புதான். 1864ல அவருக்கு ஜப்பானியம் சொல்லிக் குடுத்தது, ஜப்பானோட பழைய புராண நூல் ‘கொஜிகி’யை கூட உக்காந்து படிச்சது யாருன்னா, நீஜிமா ஜோ, பின்னாடி க்யோட்டோவுல தோஷிஷா கல்வி நிறுவனத்தை ஆரம்பிச்சாரே அவரேதான். வாத்தியாருக்கு அப்ப 21 வயசு, கொஞ்ச நாள்லயே கப்பல் ஏறி அமெரிக்காவுக்கு ஓடிட்டாரு. நிக்கொலாய் அங்கயே இருந்து 1912ல அங்கயே காலமானாரு, தோக்கியோவுல அவரு பேர் சொல்ற கோயில் இன்னிக்கும் இருக்கு.

மார்மன் கதைக்கே வந்தா, 1901 ஆகஸ்ட் 12ந்தேதி யோகோஹாமாவுல இறங்கின முதல் நாலு பேர்ல ஒருத்தர் ஆல்மா டெய்லர், 19 வயசு முடிஞ்சு 11 நாள்தான் ஆச்சு. நாலு பேருக்கும் ஜப்பானியத்துல ஒரு வார்த்தை தெரியாது, ட்ரெயினிங்னு ஒண்ணும் கிடையாது. தலைவரா வந்த ஹீபர் கிராண்டுக்கு நாற்பது தாண்டின வயசு, மொழி கடைசி வரைக்கும் பிடிபடாம 1903ல ஊர் திரும்பிட்டாரு. அந்தப் பையன் மட்டும் எட்டரை வருஷம் இருந்து, 1904ல ஆரம்பிச்சு அவங்க வேத நூலான மார்மன் புத்தகத்தை ஜப்பானியத்துல மொழிபெயர்த்து, ஜப்பானிய எழுத்தாளர் இகுதா சோக்கோகிட்ட குடுத்து நடையைத் திருத்தி வாங்கி, 1909ல 5,000 பிரதி அச்சடிச்சாரு. இவ்ளோ பண்ணியும் 1924ல அந்த மிஷனையே மூடற வரைக்கும் ஞானஸ்நானம் வாங்கினது 166 பேருதான், மூடச் சொன்னது யாருன்னா அப்ப சபைத் தலைவரா இருந்த அதே கிராண்ட்.

கே: 18 வயசுப் பையனை பெத்தவங்க எப்படி அனுப்பறாங்க? வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வீட்டுக்குப் பேசணுமாமே, உண்மையா?
- இரண்டு பையன்களின் அம்மா, சேலம்

ப: உண்மையா இருந்துச்சும்மா. கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு, அவ்ளோதான் போன், மத்தபடி வாரத்துக்கு ஒரு ஈமெயில். 2019 பிப்ரவரியில இருந்து வாரா வாரம் வீட்டுக்குப் பேசலாம்னு மாத்திட்டாங்க. ரொம்ப முன்னாடியே மாத்தியிருக்கலாம்னு நான் நினைக்கறேன்.

கே: எல்லாம் சரி. கடைசில மதம் மாத்தறதுக்குத்தானே இந்த மொழிப் படிப்பு எல்லாம்? இதை ஏன் பெருமையா எழுதறீங்க?
- ஒரு வாசகர், ஈரோடு

ப: ஆமா, அதுக்குத்தான். அவங்களே அதை மறைக்கல, நேம் டேக்ல எழுதித்தான் வச்சிருக்காங்க. ஜப்பான்ல இத்தனை நூறு வருஷத்துக்கு அப்புறமும் கிறிஸ்தவங்க நூத்துக்கு ஒருத்தர் அளவுலதான் இருக்காங்க, அதனால அந்த வேலையில அவங்க பெருசா ஜெயிக்கல. மொழியில ஜெயிச்சாங்க. எனக்கு மொழியில ஆசை, அதை எழுதறேன். மதம் பத்தின சண்டைக்கு வேற பக்கம் இருக்கு நம்ம பத்திரிகையில.

கே: கவாசாகியில இருக்கோம், கணவர் ஐடி. போன வாரம் இவங்களே எங்க அபார்ட்மென்ட் பெல் அடிச்சாங்க. குழந்தையோட தனியா இருந்ததால திறக்கல. திறந்து பேசலாமா, தொல்லை ஆகுமா?
- ஒரு வாசகி, ஜப்பான்

ப: தனியா இருக்கறப்ப திறக்காதீங்க, அது யாரா இருந்தாலும். வேணாம்னா இன்டர்காம்லயே ‘கெக்கோ தெஸ்’ போதும், ஒரு தடவை சொன்னாப் போயிடுவாங்க. கணவரும் இருக்கற நேரம், பேசிப் பார்க்கணும்னு ஆசையா இருந்தா, ஸ்டேஷன் பக்கமோ அவங்க சர்ச்லயோ இலவச இங்கிலீஷ் க்ளாஸ் நடத்துவாங்க, அங்க போங்க. அக்கம்பக்கத்து ஜப்பானியப் பாட்டிங்க நிறைய பேர் வருவாங்க, இங்கிலீஷ் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், நீங்க போக வேண்டியது அந்தப் பாட்டிங்களுக்காக, ஊர்ல நல்ல மீன் எங்க, எந்த குழந்தை டாக்டர் பொறுமையானவர்னு எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். மதப் பேச்சு நடுவுல வரும், ஆர்வம் இல்லன்னு நேரடியா சொல்லிடுங்க. அந்தப் பசங்க உங்களைப் பார்த்த உடனே ஆசையா இங்கிலீஷுக்குத் தாவுவாங்க, விடாதீங்க, ஜப்பானியத்துலயே பேச வைங்க, அவங்களுக்கும் உங்களுக்கும் அதுதான் நல்லது. போயிட்டு வந்து எழுதுங்க.